மஃரிபுக்கு முந்தியா

பாண்டிருப்புக்கு வந்த கடித உறை தடிப்பு.
உள்ளே பன்னிரண்டு கேள்வி, ஒரு நன்றி,
அடுத்த பயணத்துக்குப் பத்து வீதக் கழிவுச் சீட்டு.

ஒன்று: நீங்கள் மருத்துவரா?
இல்லை, தாதி. தம்மாமில் ஆறு வருசம்,
அதற்கு முன் களுவாஞ்சிகுடியில் நாலு.
இரண்டு: மதுபானம் அருந்தியிருந்தீர்களா?
தக்காளிச் சாறு. உப்புக் கூட.

மூன்றாவதில் பேனையை வைத்துவிட்டேன்:
முத்திரையிட்ட பெட்டி யாருடைய அனுமதியோடு திறக்கப்பட்டது?

முப்பத்தோராம் வரிசை, நடு இருக்கை.
உதுமாலெவ்வை இஸ்ஸதீன், நிந்தவூர்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர்
பெல்டைக் கழற்றி எழும்பியபடியே சாய்ந்தார்.
வைத்தியர் இருக்கிறாரா என்று மூன்று மொழியில் கேட்டார்கள்.
தமிழ் அதில் இல்லை.
எழும்பினது நான் மட்டும்.

பணிப்பெண்ணுக்கு இருபத்திரண்டு இருக்கும்.
பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு
அட்டை இருக்கா என்றாள்.
அட்டை காட்டினால்தான் முத்திரை உடையலாம், சட்டம்.
என் அட்டை காலுக்குக் கீழே, சாமான் அறையில்,
மகனுக்கு வாங்கின சப்பாத்துக்குள்.
நான் அவர் நெஞ்சை அமத்தத் தொடங்கியிருந்தேன்.
அவள் என் கையைப் பார்த்தாள்.
மறுகா
முத்திரையைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

எங்களைச் சுற்றியிருந்த தகரம் ஒரு நாட்டில் பதிந்தது,
அதற்குள் அந்த நாட்டுச் சட்டம்.
கீழே எவருக்கும் சொந்தமில்லாத கடல்.
தொலைபேசியில் புத்தி சொன்ன வைத்தியர்
வேறொரு கண்டத்தில்;
அவருக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டது.
மும்பாய்க்குத் திருப்புவதா என்பது
கப்டன் ஒருவர் மட்டும் சொல்லவேண்டிய சொல்.
அவர் யோசித்த நேரம் எனக்குத் தெரியும்.
இருநூற்று நாற்பது அமத்தல்.
திருப்பவில்லை.

என் கடிகாரத்தில் நாலு இருபது.
கழுத்தில் ஒன்றுமில்லை.
நிறுத்தவேண்டாம் என்றார்கள்.
விமானத்தில் ஒருவரும் இறப்பதில்லையாம்,
இறங்கின பிறகுதான் இறக்கவேண்டுமாம்.
தெஹியத்தகண்டிப் பொடியன் ஒருவன்
என்னோடு மாறி மாறி அமத்தினான்,
சக்கரம் தரையில் இடிக்கும்வரை.

சான்றிதழில்,
இறந்த இடம்: கட்டுநாயக்க.
நேரம்: இரவு ஒன்பது ஐம்பது.

காக்கா ஆதம்பாவா வந்து கூப்பிட்டார்.
தங்கச்சி இத்தாவில இருக்கா, வெளிய வர ஏலா,
ஒருக்கா வந்திட்டுப் போங்க.
காரைதீவுச் சந்தி தாண்டி, கடற்கரைப் பக்கம் மூன்றாவது ஒழுங்கை.
ஜெஸீமா அழவில்லை. பால் தேத்தண்ணி வந்தது.

மிஸ்ஸி, மஃரிபுக்கு முந்தியா, பிந்தியா?

விளங்காமல் பார்த்தேன்.
நாலு மாசம் பத்து நாள் எண்ணணும் மிஸ்ஸி.
மஃரிபோட எங்களுக்கு நாள் மாறிரும்.
கடதாசி ராவு எண்டு சொல்லுது.
நீங்கதானே கையை வச்சிருந்தீங்க?

கடிகாரத்தில் தம்மாம் நேரம்.
இரண்டரையைக் கூட்டினேன்: ஆறு ஐம்பது.
அந்நேரம் இந்த வீட்டில் தொழுது முடிந்து
சோறு வடித்திருப்பார்கள்.
ஆனால் சன்னலோரத்து ஆள் மூடியை இறக்கவில்லை.
செட்டை நுனியில் சூரியன் இருந்தது, சிவப்பாக,
போகாமல்.

சொன்னேன்.
அவர்ர முகத்தில விழுந்துதா?
கன்னத்தில. என்ர கையிலயும்.

விரலை மடக்கினாள், விரித்தாள்,
திரும்ப மடக்கினாள்.
காக்கா, ஹஸ்ரத்திட்டக் கேளுங்க,
மேல இருந்த சூரியனா, நிந்தவூர்ச் சூரியனா எண்டு.
அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.
தேத்தண்ணி ஆடை படிந்துவிட்டது.

இரவு, மகன் புதுச் சப்பாத்தோடு படுத்துவிட்டான்.
பன்னிரண்டு: வேறு ஏதும் சொல்ல உண்டா?
மூன்று கோடு விட்டிருந்தார்கள்.
வெளிச்சம் இருந்தது என்று எழுதினேன்.
கோடு மிஞ்சியது.

பிறகு மூன்றாவதுக்குத் திரும்பினேன்.
அந்தப் பிள்ளையின் கடைவாயில்
ஒரு துண்டு சிவப்புப் பிளாத்திக் ஒட்டியிருந்தது,
அவளுக்குத் தெரியாது.
எழுதினேன்:
பெட்டி என்னிடம் வரும்போதே திறந்திருந்தது.